சுமைதாங்கி

ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா மைதானத்துக்குள் 1950 ஜூலை 16 அன்று டிக்கெட் வாங்கிக்கொண்டு போனவர்கள் 1,73,850 பேர். டிக்கெட் இல்லாமல் நுழைந்தவர்களையும் சேர்த்தால் இரண்டு லட்சத்தை ஒட்டி வரும் என்கிறார்கள். உலகக் கோப்பை கால்பந்தின் கடைசி நாள் ஆட்டம், எதிரணி உருகுவே. பிரேசில் ஜெயிக்கக்கூட வேண்டாம், டிரா செய்தாலே கோப்பை அவர்களுக்கு. அதற்கு முந்தைய இரண்டு ஆட்டங்களில் ஸ்வீடனை 7-1 என்றும் ஸ்பெயினை 6-1 என்றும் நொறுக்கிவிட்டு வந்திருந்த அணி அது. இரண்டாம் பாதி தொடங்கிய கையோடு ஃப்ரியாசா ஒரு கோல் போட்டார். 66-ஆவது நிமிடத்தில் உருகுவேயின் ஸ்கியாஃபினோ சமன் செய்தார். அப்போதும் டிராதான், கோப்பை பிரேசில் கையில்தான் இருந்தது.

79-ஆவது நிமிடத்தில் உருகுவேயின் கிஜ்ஜியா வலது ஓரமாகப் பந்தை உருட்டிக்கொண்டு ஓடிவந்தார். முதல் கோலுக்கு அதே பக்கத்திலிருந்து அவர்தான் பந்தை நடுவே அனுப்பியிருந்தார். இந்த முறையும் அப்படித்தான் செய்வார் என்று கணித்த கோல்கீப்பர் மோவாசிர் பார்போசா, தன் இடப்பக்கக் கம்பத்தை விட்டு ஓரடி முன்னே நகர்ந்தார். அந்தக் கணிப்பில் பிழையேதும் இல்லை. பத்துக்கு எட்டு கோல்கீப்பர்கள் அதையேதான் செய்திருப்பார்கள். கிஜ்ஜியா பந்தை நடுவே அனுப்பவில்லை. கம்பத்துக்கும் கோல்கீப்பருக்கும் நடுவே திறந்த சந்தில் நேராக அடித்தார். பார்போசா திரும்பிப் பாய்ந்தார். விரல் பட்டுப் பந்து வெளியே போய்விட்டது என்று ஒரு கணம் நினைத்ததாகவும், மைதானத்தில் சத்தம் அடங்கிப்போனதைக் கேட்டுத்தான் விஷயம் புரிந்ததாகவும் பின்னாளில் அவர் சொல்லியிருக்கிறார்.

அந்த மௌனத்தில் இருந்தவர்களைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. ஆடியவர்களுக்குத் தோல்வி என்றால் என்ன என்று நிறைய எழுதியாகிவிட்டது. பந்தைத் தொடாதவனுக்கு, ஆட்டத்தை ஒரு அங்குலம்கூட மாற்ற முடியாதவனுக்கு, அது என்ன செய்கிறது?

உடம்புக்குச் செய்வதை ஓரளவு அளந்திருக்கிறார்கள். 2006-இல் ஜெர்மனியில் உலகக் கோப்பை நடந்தபோது மியூனிக் வட்டாரத்து மருத்துவர்கள் இதய நோய் அவசர சிகிச்சைக் கணக்கைப் பார்த்தார்கள். ஜெர்மனி ஆடிய நாட்களில் அந்த எண்ணிக்கை மற்ற நாட்களைவிட 2.66 மடங்காக இருந்தது. ஏற்கெனவே இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். 1994-இல் பிரேசிலும் இத்தாலியும் மோதிய இறுதி ஆட்டத்தை டிவியில் பார்த்த ரசிகர்களின் உமிழ்நீரை ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் எடுத்துச் சோதித்தார்கள். பிரேசில் ரசிகர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஏறியிருந்தது, இத்தாலி ரசிகர்களுக்கு இறங்கியிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவர்களின் உடம்பு, தாமே களத்தில் நின்று தோற்றதைப் போல நடந்துகொண்டது.

ஆனால் ஆடியவருக்கும் பார்த்தவருக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. தோற்ற ஆட்டக்காரர் மறுநாள் காலையில் பயிற்சிக்குப் போவார். விட்ட கேட்ச்சை நூறு முறை பிடித்துப் பார்ப்பார். அடுத்த ஆட்டத்தில் அவர் கைக்கு ஒரு பந்து வரும். ரசிகருக்கு அடுத்த பந்தென்று ஒன்று இல்லை. தோல்வியை நேராக்க அவரால் ஆகக்கூடிய காரியம் எதுவுமே கிடையாது. துக்கம் இருக்கிறது, அதைச் செலவழிக்க வேலை இல்லை. தோற்கும் அணியை நேசிப்பதில் மனதை அரிப்பது இதுதான். தோல்வியைக்கூட ஏற்றுக்கொள்ளலாம், சும்மா கிடக்கும் கைகளோடு அதைச் சுமப்பதுதான் கஷ்டம்.

தமிழ்நாட்டின் பழைய நடைவழிகளில் சுமைதாங்கிக் கற்கள் இன்றும் சில இடங்களில் நிற்கின்றன. இரண்டு கல் நட்டு, மேலே குறுக்காக ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையோடு வருபவர் பிறர் கையை எதிர்பார்க்காமல் அதை அப்படியே இறக்கிவைத்து இளைப்பாறலாம். பிள்ளை பெறாமலே வயிற்றுச் சுமையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நடும் வழக்கம் இருந்தது. தோற்றுப்போன கூட்டம் இப்படி ஒரு கல்லைத் தேடுகிறது. கிடைப்பதோ பெரும்பாலும் ஒரு மனிதன்.

பிரேசில் பார்போசாவைக் கண்டெடுத்தது. அணியில் பதினோரு பேர் ஆடியிருந்தும் கை நீண்டது அவரையும், தடுப்பாட்டக்காரர்கள் பிகோடியையும் ஜுவெனாலையும் நோக்கித்தான். மூவரும் கறுப்பர்கள். அதற்குப் பிறகு பார்போசா பிரேசிலுக்காக ஆடியது ஒரே ஒரு ஆட்டம், 1953-இல். அந்தக் காலத்தின் ஆகச் சிறந்த கோல்கீப்பர்களில் ஒருவர் அவர். ஒருநாள் கடையில் அவரைப் பார்த்த ஒரு பெண், ‘பிரேசில் முழுவதையும் அழவைத்த ஆள் இவர்தான்’ என்று தன் மகனிடம் காட்டியதை அவரே வேதனையோடு சொல்லியிருக்கிறார். தோல்வி நடந்து இருபது வருடங்கள் ஆகியிருந்தன அப்போது. 1993-இல் தேசிய அணியின் பயிற்சி முகாமைப் பார்க்கப் போனவரை, ராசி கெட்டுவிடும் என்று பயந்து ஆட்டக்காரர்கள் பக்கமே விடவில்லை என்கிறார்கள். பிரேசில் சட்டத்தில் அதிகபட்சத் தண்டனையே முப்பது வருடம்தான், தான் செய்யாத குற்றத்துக்கு ஐம்பது வருடமாக அனுபவிக்கிறேன் என்று கடைசிக் காலத்தில் சொல்லிவிட்டு, 2000 ஏப்ரலில் இறந்தார்.

சட்டைமீதும் பழி விழுந்தது. அதுவரை பிரேசில் ஆடியது வெள்ளைச் சட்டையில். அது தேசத்துக்கு ஒட்டாத நிறம் என்று சொல்லி ஒரு பத்திரிகை புதிய சட்டைக்குப் போட்டி வைத்தது. இன்று உலகமே அறிந்த மஞ்சள் சட்டையை வரைந்து ஜெயித்தவர் அல்திர் கார்சியா ஷ்லீ என்ற இளைஞர். எல்லையோர ஊரில் பிறந்தவர், மனதளவில் உருகுவே அணியின் ரசிகர். அதே 1950 ஜூலையில் இன்னொரு ஊரில், ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்து அழுத தந்தையை முதன்முறையாகப் பார்த்த ஒன்பது வயதுப் பையன், ‘அழாதீங்கப்பா, நான் கோப்பையை ஜெயித்துத் தருகிறேன்’ என்று சொன்னானாம். எட்டு வருடம் கழித்து ஸ்வீடனில் சொன்னதைச் செய்தும் காட்டினான். பெலே இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். துக்கத்துக்கு ஒரு வேலை கிடைத்த அபூர்வமான வீடு அது. மற்ற வீடுகளில் பெலே பிறக்கவில்லை. அவர்கள் பார்போசாவை வைத்துக்கொண்டார்கள்.

பழி ஆட்டக்காரரை விட்டுவிட்டுப் பார்வையாளர் மேலேயே விழுந்ததும் உண்டு. சிகாகோ கப்ஸ் என்ற பேஸ்பால் அணி 1908-இல் பட்டம் வென்றது, அடுத்த பட்டத்துக்கு 108 வருடம் காத்திருந்தது. இடையில் 2003 அக்டோபர் 14 இரவு, இறுதித் தொடருக்குப் போக இன்னும் ஐந்து பேரை அவுட் ஆக்கினால் போதும் என்ற நிலை. 3-0 முன்னிலை. எதிரணி அடித்த பந்து ஒன்று களத்தின் ஓரமாக, பார்வையாளர் வரிசைக்கு மேலே வந்து இறங்கியது. பக்கத்தில் இருந்த பலர் கை நீட்டினார்கள். கப்ஸ் ஆட்டக்காரர் மொய்செஸ் அலூவும் எம்பினார். ஒரு ரசிகரின் கை பந்தில் பட்டது, அலூவால் பிடிக்க முடியவில்லை. அதன்பிறகு கப்ஸ் அணி கைக்கு வந்த எளிய பந்தைக் கோட்டைவிட்டு, அதே சுற்றில் எட்டு ரன்களைக் கொடுத்தது. மறுநாள் ஆட்டத்திலும் தோற்றது. ஆனால் அன்றிரவு மைதானத்தில் நாற்பதாயிரம் பேருக்குக் கோபப்பட ஒரே ஆள்தான் இருந்தார். காதில் ஹெட்ஃபோன், தலையில் அணியின் தொப்பி, அவர்களைப் போலவே அந்த அணியை நேசித்தவர். காவலர்கள் சுற்றிவளைத்து வெளியே கொண்டுபோக வேண்டியிருந்தது. அவர் பொதுவெளியை விட்டே ஒதுங்கிப்போனார். பெயர் எல்லோருக்கும் தெரியும், அதை இங்கேயும் ஒருமுறை எழுத மனம் வரவில்லை. 2016-இல் கப்ஸ் ஜெயித்தபின், அணி நிர்வாகம் சாம்பியன்களுக்குச் செய்யும் மோதிரங்களில் ஒன்றை 2017-இல் அவருக்கும் கொடுத்தது.

அந்த 2016 வெற்றியின்போது ரிக்லி ஃபீல்ட் மைதானத்தின் செங்கல் வெளிச்சுவரில் மக்கள் சாக்பீஸால் எழுதத் தொடங்கினார்கள். தாத்தாவின் பெயர், அம்மாவின் பெயர், பார்க்காமல் போய்ச்சேர்ந்தவர்களின் பெயர்கள். இறுதித் தொடர் நடந்துகொண்டிருந்த நாட்களிலேயே கைக்கு எட்டிய உயரம் வரை சுவர் நிரம்பிவிட, ஏணி போட்டும் ஒருவர் தோளில் ஒருவர் ஏறியும் எழுதினார்கள். தோற்கும் அணியின் பிடிமானம் என்னவென்று கேட்பவர்களுக்கு அந்தச் சுவர் நல்ல பதில். வெல்லும் அணியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். 1976-இல் வெளிவந்த ராபர்ட் சியால்டினியின் ஆய்வில், கல்லூரி அணி ஜெயித்த வாரத்துத் திங்கட்கிழமைகளில் மாணவர்கள் கல்லூரிப் பெயர் போட்ட சட்டையைக் கூடுதலாக அணிந்து வந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். அது எளிது. தோற்கும் அணி பெரும்பாலும் வீட்டில் யாரோ கையில் கொடுத்துவிட்டுப் போவது. அதை விடுவது கொடுத்தவரை விடுவதுபோல. அதனால்தான் விவரம் தெரிந்த மனிதர்களும் ஒவ்வொரு வருடமும் மனம் உடைந்து, மறுவருடம் மறுபடி வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள்.

இந்தப் பற்றைக் குறைசொல்ல முடியாது. பிரச்சினை, அது புண்படும்போது கை எங்கே போகிறது என்பதில். யாரை அடித்தால் யாரும் கேட்கமாட்டார்களோ அவரிடம் போகிறது. 2021 ஜூலை 11 அன்று யூரோ கோப்பை இறுதியில் இங்கிலாந்துக்காகப் பெனால்டியைத் தவறவிட்ட ராஷ்ஃபோர்ட், சான்சோ, சாகா மூவரும் கறுப்பின இளைஞர்கள். அன்றிரவே இணையத்தில் இனவெறி வசவுகள் கொட்டின. அதே வருடம் அக்டோபர் 24 அன்று துபாயில் பாகிஸ்தானிடம் இந்தியா பத்து விக்கெட்டில் தோற்றது. ஒரு விக்கெட்கூட எடுக்காத தோல்விக்குப் பந்துவீசிய அத்தனை பேரும் பொறுப்பு. வசவு குவிந்தது முகமது ஷமிமீது, அதுவும் அவர் மதத்தைச் சொல்லி. கேப்டன் கோலி வெளிப்படையாக அவர் பக்கம் நின்றது அந்த நாட்களின் ஒரே ஆறுதல். மரக்கானாவில் இருந்தவர்களுக்கு ட்விட்டர் கிடையாது, ஆனால் வழி ஒன்றேதான். தோல்வி புதிதாக ஒரு வெறுப்பை உண்டாக்குவதில்லை, ஏற்கெனவே வீட்டில் இருப்பதை வெளியே எடுத்துவைக்கிறது. கொலம்பியாவில் இது உயிரையே வாங்கியது. 1994 உலகக் கோப்பையில் தன் அணிக்கே கோல் போட்டுவிட்ட ஆந்த்ரேஸ் எஸ்கோபார், பத்து நாள் கழித்துத் தன் சொந்த ஊரான மெடலினில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இத்தனைக்கும் நடுவில் சேப்பாக்கத்தின் ஒரு ஞாயிற்றுக்கிழமையை விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது.

1999 ஜனவரி 31. பாகிஸ்தான் அணி இந்தியாவில் டெஸ்ட் ஆடி பன்னிரண்டு வருடமாகியிருந்தது. தொடர் நடக்கக்கூடாதென்று சிவசேனா எதிர்த்து, டெல்லி கோட்லா மைதானத்தின் பிட்சைத் தோண்டிப்போட்டிருந்த நேரம். நான்காவது இன்னிங்ஸில் இந்தியாவுக்கு 271 ரன் வேண்டும். முந்தைய நாள் மாலையே வாக்கார் யூனுஸ் இரண்டு தொடக்க ஆட்டக்காரர்களையும் சாய்த்துவிட்டார். அதில் ஒருவர் தன் முதல் டெஸ்டைச் சொந்த ஊரில் ஆடிய சென்னைப் பையன் சடகோபன் ரமேஷ். ஞாயிறு காலையில் திராவிட், அசாருதீன், கங்குலி வரிசையாகப் போனார்கள். கங்குலியின் கேட்ச்சில் பந்து தரையில் பட்டதா என்ற முணுமுணுப்பு அன்றே எழுந்தது. 82-க்கு ஐந்து விக்கெட்.

முதல் இன்னிங்ஸில் ரன் எடுக்காமல் சக்லைன் முஷ்டாக்கிடம் அவுட்டான டெண்டுல்கர் ஒரு முனையில் நின்றார். மறுமுனையில் விக்கெட் கீப்பர் நயன் மோங்கியா. இருவரும் சேர்த்தது 136 ரன். முதுகுவலி டெண்டுல்கரைக் குனியவிடவில்லை. ஓவருக்கு ஓவர் உட்கார்ந்து எழுந்தார், அடிப்பதை மட்டும் நிறுத்தவில்லை. மோங்கியா 52-இல் வாசிம் அக்ரமைத் தூக்கியடித்து அவுட்டானார். டெண்டுல்கர் வலியோடு இன்னும் வேகமெடுத்தார். 254-இல், ஜெயிக்கப் பதினேழே ரன் இருக்கும்போது, சக்லைனின் பந்தைத் தூக்கியடிக்கப் போக, அது மட்டையின் விளிம்பில் பட்டு உயர எழும்பியது. அக்ரம் பிடித்தார். 136 ரன். கையில் மூன்று விக்கெட், வேண்டியது 17 ரன். அந்த மூன்றும் சேர்ந்து எடுத்தது நான்கு. ஸ்ரீநாத் போல்டானபோது இந்தியா 258, தோல்வி 12 ரன்னில்.

சில நிமிடம் மைதானத்தில் பேச்சில்லை. பிறகு கைதட்டல் எழுந்தது, ஆட்கள் எழுந்தார்கள், எல்லா ஸ்டாண்டுகளுக்கும் அது பரவியது. உள்ளே போகத் திரும்பிய பாகிஸ்தான் ஆட்டக்காரர்கள் ஒன்றுசேர்ந்து மைதானத்தைச் சுற்றி ஓடிவந்தார்கள். அவர்கள் போன பக்கமெல்லாம் கூட்டம் நின்றபடியே தட்டியது. வாசிம் அக்ரம் இருபது வருடத்துக்குப் பிறகும் அதை நெகிழ்ந்து பேசுகிறார். ஆட்டநாயகன் விருது டெண்டுல்கருக்கு. வாங்க அவர் வரவில்லை. உடைமாற்றும் அறையில் அழுதுகொண்டிருந்தார்.

கைதட்டியவர்களுக்கு வலிக்கவில்லை என்று யாரும் எண்ண வேண்டாம். நாள் முழுக்க ஒவ்வொரு ரன்னையும் எண்ணிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். வீம்புக்குப் பெருந்தன்மை காட்டியதாகவும் தெரியவில்லை. ஐம்பதாயிரம் பேர் முன்கூட்டிப் பேசிவைத்து அப்படி நடந்துகொள்ள முடியாது. அன்று அவர்களிடம் இருந்தது ஆட்டத்தைப் படிக்கும் கண். சக்லைன் எந்தப் பந்தை எப்படித் திருப்பினார் என்பதைக் காலையிலிருந்து பார்த்துவந்தவருக்கு, கடைசியில் அவர் ஜெயித்தபோது அது பறித்துக்கொண்ட வெற்றியாகத் தோன்றவில்லை. ஒன்றரை வருடம் முன்பு, 1997 மே மாதம், அதே மைதானத்தில் சயீத் அன்வர் 194 அடித்து உலக சாதனை செய்தபோதும் இந்தியா தோற்றது, அப்போதும் எழுந்து நின்றிருந்தார்கள். சும்மா கிடந்த கைகளுக்கு அங்கே ஒரு வேலை இருந்தது. யார் தலையிலும் இறக்காமல் துக்கத்தைக் கொஞ்சம் கரைக்கிற வேலை.

இதைச் சென்னையின் பெருமையாக மட்டும் எழுதுவது நியாயமாகாது. கொல்கத்தாவுக்கு ஆட்டம் தெரியாது என்று யாராவது சொல்வார்களா? அங்கேதான் 1996 மார்ச் 13 அன்று, உலகக் கோப்பை அரையிறுதியில் இந்தியா 98-க்கு ஒன்றிலிருந்து 120-க்கு எட்டு என்று சரிந்தபோது பாட்டில்கள் பறந்தன, ஸ்டாண்டில் தீ வைத்தார்கள். மேட்ச் ரெஃப்ரி கிளைவ் லாய்ட் ஆட்டத்தை இலங்கைக்குக் கொடுத்துவிட்டார். வினோத் காம்ப்ளி அழுதுகொண்டே வெளியேறியது பார்த்தவர்களுக்கு மறக்காது. சேப்பாக்கம் நடந்து மூன்று வாரத்துக்குள், அதே ஈடன் கார்டன்ஸில், அதே பாகிஸ்தானோடு, ஷோயப் அக்தர்மீது மோதி டெண்டுல்கர் ரன் அவுட்டானபோது மறுபடி கலவரம். டெண்டுல்கரே மைதானத்தைச் சுற்றிவந்து கூட்டத்தைக் கெஞ்ச வேண்டியிருந்தது. கடைசி நாளில் போலீஸ் ரசிகர்களை வெளியேற்றி, இருக்கைகளைக் காலியாக்கி ஆட்டத்தை முடித்தார்கள். அந்தக் கூட்டம் ஏமாற்றப்பட்டதாக நினைத்தது. தோற்றதாக நினைப்பவனும் ஏமாற்றப்பட்டதாக நினைப்பவனும் ஒன்றல்ல; ஏமாற்றம் எப்போதும் ஒரு குற்றவாளியைக் கேட்கும். சேப்பாக்கத்திலும் கங்குலியின் கேட்ச் இருந்தது. கடைசி ஒரு மணி நேர ஆட்டம் அதை மறக்கடிக்கும் அளவுக்கு நன்றாக இருந்தது, அவ்வளவுதான். கடைசி மூன்று விக்கெட்டில் ஏதாவதொன்று தவறான தீர்ப்பில் போயிருந்தால் சென்னை என்ன செய்திருக்கும் என்று உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது.

ஆனாலும் அப்படி ஒன்று நடந்தது, நடக்க முடியும் என்று தெரிந்தது. இங்கிலாந்திலும் 2021-இல் அதன் சாயல் தென்பட்டது. மான்செஸ்டரின் விதிங்டன் பகுதியில் சிதைக்கப்பட்ட ராஷ்ஃபோர்டின் சுவரோவியத்தைச் சுற்றி அக்கம்பக்கத்தார் வந்து காகித இதயங்களையும் கடிதங்களையும் ஒட்டினார்கள், அதில் நிறைய குழந்தைகளின் கையெழுத்து. பிரேசிலே 2014 ஜூலை 8 அன்று ஜெர்மனியிடம் 7-1 என்று சொந்த மண்ணில் நொறுங்கியபோது, ஏழாவது கோலைப் போட்ட ஷூர்லேவுக்கு அரங்கில் இருந்த பிரேசில்காரர்களே எழுந்து கைதட்டினார்கள். அந்தத் தோல்வியை ஒரு கோல்கீப்பரின் கழுத்தில் கட்ட முடியவில்லை. பார்போசாவின் வளர்ப்பு மகள் தன் தந்தைமீதிருந்த பழி அன்று நீங்கியதாகச் சொன்னார். அவர் இறந்து பதினான்கு வருடம் ஆகியிருந்தது.

சென்னைத் தோல்விக்கு அடுத்த வாரமே டெல்லியில் கும்ப்ளே 74 ரன்னுக்குப் பத்து விக்கெட்டையும் எடுத்தார். இந்தியா 212 ரன்னில் ஜெயித்து, தொடர் சமனானது. இந்தியக் கிரிக்கெட்டின் மிகப்பெரிய பந்துவீச்சு அது. சேப்பாக்கத்தில் அன்று இருந்தவர்களிடம் அந்தத் தொடரைப் பற்றிக் கேட்டால், டெல்லிக்கு வந்துசேர நேரமாகும். மோங்கியா அந்த ஷாட்டை ஏன் ஆடினார் என்று தொடங்குவார்கள். இன்னும் ஒரு ஓவர் பொறுத்திருக்கலாமே என்று டெண்டுல்கருக்குப் போவார்கள். பதினேழு ரன்னை எப்படியெல்லாம் எடுத்திருக்கலாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்வார்கள். எங்கே தொடங்கினாலும், சக்லைன் அன்று எப்படிப் பந்துபோட்டார் என்பதில் வந்து நிற்பார்கள். அதைச் சொல்லும்போது கை தானாக உயர்ந்து, விரல்கள் பந்தைச் சுழற்றிக் காட்டும்.